ஆர்டர் படிவத்தில் பிறந்த பெயர்கள்

டெட்ராய்ட்டின் வேகக் காலம் – 7

பந்தயங்களுக்கு இனி ஒரு காசுகூடச் செலவிடக் கூடாது என்று 1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் தன் பிரிவுகளுக்கெல்லாம் ஆணையிட்டதைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த ஆணையால் பலமாக அடிபட்டது பான்டியாக். கிழவர்களின் கார் என்ற பேச்சை மாற்றி, வேகத்துக்குப் பெயர் போனதாக ஆவதற்கு அது பல ஆண்டுகள் பாடுபட்டிருந்தது. பந்தயத் தடத்தில் காட்ட முடியாத வேகத்தை இனித் தெருவில்தான் காட்டியாக வேண்டும்.

தெருவிலும் ஒரு விதி குறுக்கே நின்றது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்தைத் தாண்டிய எஞ்சின் கூடாது என்பது நிறுவனத்தின் உள்விதி. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியன், அவருடன் வேலை பார்த்த பில் காலின்ஸ், ரஸ்ஸல் கீ மூவரும் அந்த விதியைச் சுற்றிவந்தார்கள். டெம்பஸ்ட் காரில் போடும் 326 கன அங்குல எஞ்சினும், பெரிய பான்டியாக்குகளில் போடும் 389 கன அங்குல எஞ்சினும் வெளி அளவில் ஒன்றுதான். ஒன்றைக் கழற்றிய இடத்தில் மற்றது அப்படியே உட்காரும். எஞ்சின் உட்காருவது சிக்கலில்லை. தலைமையகத்தை எப்படித் தாண்டுவது என்பதுதான் சிக்கல்.

வழி ஆர்டர் படிவத்தில் இருந்தது. புதிய மாடல் கொண்டுவந்தால் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும். இருக்கிற மாடலுக்குக் கூடுதல் வசதி ஒன்றைச் சேர்த்தால் வேண்டாம். ஆகவே 389 எஞ்சின், இரட்டைப் புகைக்குழாய், கெட்டியான ஸ்பிரிங்குகள், பெயர்த்தகடு எல்லாவற்றையும் ஒரே கட்டாக்கி, டெம்பஸ்ட் லெமான்ஸ் காருக்கு ஒரு 'ஆப்ஷன்' என்று எழுதினார்கள். கட்டுக்கு விலை சுமார் 295 டாலர். பான்டியாக் பிரிவின் தலைவர் பீட் எஸ்டெஸ் துணிந்து தலையசைத்தார், முதலில் 5,000 வண்டிகளுக்கு மட்டும். 1964 மாடலில் விற்றது 32,450.

அந்தக் கட்டுக்கு வைத்த பெயர்தான் ஜி.டி.ஓ. அது டெலோரியன் இத்தாலியிலிருந்து எடுத்த பெயர். ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வின் கடைசி எழுத்து, பந்தயத்துக்குத் தகுதி பெறப் பதிவு செய்யப்பட்ட வண்டி என்பதைக் குறிப்பது. பான்டியாக்கோ எந்தப் பந்தயத்துக்கும் பதிவு செய்யப்படவில்லை. பந்தயமே கூடாது என்ற ஆணையின் கீழ்தான் அது பிறந்தது. ஐரோப்பியக் கார் ரசிகர்கள் கொதித்தார்கள். ஃபெராரி நாற்பதுக்கும் குறைவாகச் செய்த காரின் பெயரை, மிச்சிகனில் ஆயிரக்கணக்கில் இறங்கும் வண்டிக்கு வைப்பதா என்பது அவர்கள் கோபம். ஆனால் 1964இல் அந்தப் பெயரைப் படித்த பத்தொன்பது வயது அமெரிக்க இளைஞனுக்கு அதன் வம்சாவளி தேவைப்படவில்லை. 325 குதிரைத்திறன் போதுமாக இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 1964, 1965 ஆண்டுகளில் ஜி.டி.ஓ. என்று ஒரு மாடல் இல்லை. லெமான்ஸ்தான் மாடல். அந்த இரண்டு ஆண்டு வண்டிகளின் அடையாள எண்ணைப் பார்த்து இது ஜி.டி.ஓ.வா, சாதாரண லெமான்ஸா என்று சொல்ல முடியாது. விற்பனை எகிறிய பிறகு 1966இல்தான் அதற்குத் தனி மாடல் தகுதி கிடைத்தது; அடையாள எண் 242 என்று தொடங்கியது. அந்த ஆண்டு 96,946 வண்டிகள் போயின. அதுவே அதன் உச்சம். 1971 வரை இந்தத் தகுதி நீடித்தது. 1972இல் அது மறுபடியும் லெமான்ஸுக்கு ஆப்ஷனாக இறங்கியது. ஆக, '1964 முதல் 1974 வரை ஜி.டி.ஓ.' என்று புத்தகங்களில் ஒரே வரியில் அச்சாவதில், மாடலாக இருந்த காலம் ஆறே ஆண்டுகள்.

மற்ற பிரிவுகளும் இதே வழியைப் பிடித்துக்கொண்டன. ஓல்ட்ஸ்மொபீல் 1964 நடுவில் போலீஸ் வண்டிக்கான கட்டு ஒன்றைப் பொதுமக்களுக்கும் விற்று, அதற்கு 4-4-2 என்று பெயரிட்டது: நான்கு வாய் கார்புரேட்டர், நான்கு கியர், இரண்டு புகைக்குழாய். அடுத்த ஆண்டே 400 கன அங்குல எஞ்சின் வந்தது, ஆட்டோமேட்டிக் கியரும் வந்தது. நான்கு கியர் என்ற விளக்கம் இனிப் பொருந்தாது. உடனே முதல் நான்கு 400 கன அங்குலத்தைக் குறிப்பதாக விளக்கத்தை மாற்றினார்கள். தகடு மாறவில்லை. இந்த 4-4-2 தனி மாடலானது 1968இல். அதுவும் 1972இல் ஆப்ஷனுக்கே திரும்பியது.

செவ்ரலே செவெல் எஸ்.எஸ். 396இன் கதை இன்னும் சிக்கலானது. 1965இல் முதல்முறை 396 எஞ்சினோடு வந்தபோது அது இசட்16 என்ற ஆப்ஷன். செய்தவை 201 மட்டுமே. 1966 முதல் 1968 வரை தனி வரிசை. அடையாள எண் 138 என்று தொடங்கும். 1969இல் திரும்ப ஆப்ஷன். 1970 மாடலுக்குள் எஞ்சினின் உருளைகளைச் சற்று அகலமாக்கி 402 கன அங்குலமாக்கிவிட்டார்கள். வண்டியின் பக்கவாட்டில் மட்டும் 396 என்றே ஒட்டினார்கள். விற்றுக்கொண்டிருந்த எண்ணை எந்த விற்பனைத் துறையும் கைவிடாது. எஞ்சினின் அளவைச் சொல்லத் தொடங்கிய எண், ஐந்தே ஆண்டுகளில் எஞ்சினோடு தொடர்பற்ற வெறும் பெயராகிவிட்டது.

பெயர் இப்படியென்றால், ஆண்டு அதைவிடக் குழப்பம்.

நமக்குக் கல்வியாண்டு ஜூனில் பிறக்கும், நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கும். அமெரிக்கக் கார்த் தொழிலின் ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறந்தது. ஒரு காலத்தில் புது மாடல்கள் ஆண்டின் தொடக்கத்தை ஒட்டித்தான் வந்தன. குளிரில் மக்கள் கார் வாங்குவது குறைவு. மாடல் மாற்றத்துக்காகத் தொழிற்சாலை மூடுவதும் அதே சமயம். தொழிலாளிக்கு வேலையில்லாத மாதங்கள் நீண்டன. பெருமந்தக் காலத்தில் இது தாங்க முடியாத கொடுமையானது. 1935இல் ரூஸ்வெல்ட் அரசின் தலையீட்டால் அறிமுகம் இலையுதிர் காலத்துக்கு நகர்ந்தது. அன்றிலிருந்து ஜூலை, ஆகஸ்டில் ஆலையை மூடி அச்சுகளை மாற்றுவார்கள். ஆகஸ்ட் கடைசியில் அடுத்த ஆண்டின் வண்டிகள் இறங்கத் தொடங்கும். செப்டம்பரில் ஷோரூம் கண்ணாடிகளைக் காகிதத்தால் மறைத்துவைத்துக் குறித்த நாளில் திறப்பார்கள். 1968 அக்டோபரில் ஆலையை விட்டு வந்த கார் 1969 மாடல். வேலைக்காக ஏங்கி நின்ற தொழிலாளர்களின் பொருட்டுப் பிறந்த ஏற்பாடு இது என்பதை, ஆண்டுப் பட்டியல்களைப் புரட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

ஒழுங்கு இப்படி இருக்க, நடுவில் ஒருவர் வந்து குதித்தால் என்ன ஆகும்? ஃபோர்டு மஸ்டாங் அதைத்தான் செய்தது.

டியர்பார்ன் ஆலையில் மஸ்டாங் உற்பத்தி தொடங்கியது 1964 மார்ச் 9. நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏப்ரல் 17 அன்று திரை விலகியது. அடிப்படை விலை 2,368 டாலர். முதல் நாளே 22,000 ஆர்டர்கள் குவிந்தன. வெளிவந்ததோ 1964 மாடல்கள் விற்றுக்கொண்டிருந்த பருவத்தின் பின்பாதி. ஃபோர்டு இதை எந்த ஆண்டில் சேர்ப்பது? ஆவணத்தில் தயக்கமே இல்லை. முதல் வண்டியிலிருந்தே 1965 என்றுதான் எழுதினார்கள். ஆனால் ரசிகர்கள் ஏப்ரல் முதல் கோடை வரை வந்த வண்டிகளை '1964½' என்றே அழைக்கிறார்கள். அறுபது ஆண்டுகளாக ஓயாத வழக்கு இது.

மஸ்டாங்கின் அடையாள எண்ணைப் படிக்கத் தெரிந்தால் ஒரு பாதி தீரும். வரிசை எண் 100001 கொண்ட முதல் வண்டியையே எடுத்துக்கொள்வோம். அதன் தகட்டில் முதலில் இருப்பது 5: அதாவது 1965 மாடல். அடுத்து 'எஃப்': டியர்பார்ன் ஆலை. அடுத்து 08: மேற்கூரை மடங்கும் கன்வெர்ட்டிபிள். அடுத்து மீண்டும் ஒரு 'எஃப்': 260 கன அங்குல வி8. அதன் பின் வரிசை எண். இந்த இரண்டாவது 'எஃப்'தான் நமக்குத் திறவுகோல். 260 எஞ்சினும், 170 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினும் அந்த முதல் சில மாதங்களோடு நின்றுபோயின. கோடை இடைவெளிக்குப் பிறகு வந்த வண்டிகளில் 289ம் 200ம்தான். முதல் மாதங்களின் வண்டிகளில் பழைய பாணி ஜெனரேட்டர், பிந்தைய வண்டிகளில் ஆல்ட்டர்னேட்டர். வண்டியோட்டியின் முன்னால் எரியும் சிறு விளக்கின் எழுத்துகூட அதற்கேற்ப மாறியது. முதல் மாதங்களின் வண்டிகள் ஒரு தனிக் குடும்பம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆகவே '1964½' என்பது சட்டப்படி இல்லாத ஆண்டு, இயந்திரப்படி உண்மையான ஆண்டு. பதிவுச் சான்றிதழில் 1965 என்று இருப்பதுதான் சரி. ஆனால் உதிரிபாகம் வாங்கப் போகிறவன் அரையாண்டைச் சொல்லாமல் போனால் தவறான பாகத்தோடுதான் திரும்புவான். இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

அந்த 100001 காட்சிக்காகச் செய்யப்பட்ட வண்டி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போனதை அங்கிருந்த டீலர் ஒரு விமானிக்கு விற்றேவிட்டார். ஃபோர்டு திருப்பிக் கேட்டது, விமானி தரவில்லை. 1966இல் பத்து லட்சமாவது மஸ்டாங்கை மாற்றாகக் கொடுத்துத்தான் முதல் வண்டியை மீட்டார்கள். இப்போது டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

மஸ்டாங்குக்கும் இரண்டு வாரம் முன்னதாக, 1964 ஏப்ரல் 1 அன்று, பிளிமத் பாராகுடா சந்தைக்கு வந்துவிட்டது. நிர்வாகிகள் அதற்கு 'பாண்டா' என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். ஜான் சாம்சன் என்ற வடிவமைப்பாளர் சொன்ன கொடிய கடல்மீனின் பெயர் அதைக் காப்பாற்றியது. முதலில் வந்தும் மஸ்டாங்கின் நிழலிலேயே அது நின்றது பரிதாபம். வேலியன்ட் என்ற சிக்கனக் காரின் முகத்தோடு வந்ததுதான் காரணம்.

மஸ்டாங்குக்குப் பதில் சொல்ல ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டரை ஆண்டு எடுத்துக்கொண்டது. செவ்ரலே உருவாக்கிய அந்தக் காரைப் பத்திரிகைகள் 'பேந்தர்' என்றே எழுதிவந்தன. 1966 ஜூனில் செவ்ரலே பிரிவு 14 நகரங்களின் செய்தியாளர்களை ஒரே நேரத்தில் தொலைபேசியில் இணைத்து, அந்தப் பெயர் கிடையாது, இது கமரோ என்று அறிவித்தது. அறிவித்தவர் வேறு யாருமில்லை, அப்போது செவ்ரலேவின் தலைவராகியிருந்த அதே பீட் எஸ்டெஸ். கமரோ என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு, மஸ்டாங்குகளைத் தின்னும் ஒரு சிறிய கொடிய விலங்கு என்று பதில் போனது. அந்தப் பதிலில் இருந்த வேகம் வண்டியிலும் இருந்தது.

கமரோவின் மிகப் புகழ்பெற்ற வடிவத்துக்கு யாரும் உட்கார்ந்து பெயர் யோசிக்கவே இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா 1966இல் டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடரைத் தொடங்கியிருந்தது. எஞ்சின் ஐந்து லிட்டரை, அதாவது 305 கன அங்குலத்தை, மிஞ்சக் கூடாது. செவ்ரலேவில் வின்ஸ் பிகின்ஸ் முன்னின்று செய்த வேலை அற்புதமானது: 327 எஞ்சினின் பிளாக்கில் 283 எஞ்சினின் கிராங்க்ஷாஃப்ட்டைப் போட்டால் 302 கன அங்குலம் வருகிறது. விதிக்குள் மூன்று கன அங்குலம் மிச்சம். இந்த எஞ்சினும் மற்ற பந்தயப் பாகங்களும் சேர்ந்த கட்டுக்கு ஆர்டர் படிவத்தில் கிடைத்த எண் இசட்28. அதற்கு முந்தைய எண்ணான இசட்27 எஸ்.எஸ். கட்டுக்குப் போயிருந்தது. 1967இல் செய்தவை 602. அந்த வண்டிகளின் வெளிப்புறத்தில் இசட்28 என்று எங்கும் எழுதியிருக்காது. மூடிமேல் இரண்டு அகலக் கோடுகள் மட்டும். பெயர்த்தகடு 1968 நடுவில்தான் வந்தது. ஒரு குமாஸ்தாவின் பட்டியல் எண் பெயராக நிலைத்துவிட்டது. விளம்பரக்காரர்கள் யோசித்து வைத்த எத்தனையோ மிருகங்களின், புயல்களின் பெயர்கள் மறந்துபோன பிறகும் அந்த எண் வாழ்கிறது.

இதற்கு நேர் எதிர், பான்டியாக் ஃபயர்பேர்டின் டிரான்ஸ் ஆம். 1969 மார்ச்சில், மாடல் ஆண்டின் நடுவில் வந்தது. பந்தயத் தொடரின் பெயரைப் பயன்படுத்துவதற்காகக் கிளப்புக்கு வண்டிக்கு ஐந்து டாலர் கொடுத்தது பான்டியாக். ஆனால் வண்டியில் இருந்த எஞ்சின் 400 கன அங்குலம். எந்தத் தொடரின் பெயரைச் சுமந்ததோ அந்தத் தொடரில் அந்த எஞ்சினோடு ஓட முடியாது. முதல் ஆண்டில் 697 வண்டிகள். அதில் கன்வெர்ட்டிபிள் எட்டே எட்டு.

பெயருக்குப் பணம் கொடுத்தவர்களில் பிளிமத்தும் உண்டு. 1968இல் வந்த ரோட் ரன்னருக்காக வார்னர் பிரதர்ஸின் கார்ட்டூன் பறவையை 50,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். பறவையின் 'பீப் பீப்' ஒலிபோல ஹாரனும் வைத்தார்கள். 2,896 டாலருக்கு 335 குதிரைத்திறன். உள்ளே தரைவிரிப்புகூட இல்லாத அந்த மலிவு வண்டி ஜி.டி.ஓ.வைத் திணறடித்தது. பான்டியாக் பதிலுக்கு 1969இல் 'ஜட்ஜ்' என்ற கட்டைக் கொண்டுவந்தது. அப்போது தொலைக்காட்சியில் ஓடிய ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் வசனத்திலிருந்து பிறந்த பெயர். மலிவாக இருக்கத் தொடங்கிய திட்டம் சாதாரண ஜி.டி.ஓ.வைவிட விலை கூடியதாக முடிந்தது.

விதிப்புத்தகமே பெயராகவும் ஆண்டாகவும் மாறியது ஸ்டாக் கார் பந்தயத்தில். நாஸ்கார் விதிப்படி 500 வண்டிகளாவது பொதுமக்களுக்கு விற்றால்தான் ஒரு வடிவத்தைத் தடத்தில் இறக்கலாம். டாட்ஜ் தன் 1969 வண்டி ஒன்றுக்கு வெளிப்படையாகவே சார்ஜர் 500 என்று பெயரிட்டது. அதே 1969 மாடலில், கூர்மூக்கும் உயர்ந்த பின்சிறகும் கொண்ட சார்ஜர் டேடோனா 503 வண்டிகள் வந்தன. 1970க்கு நாஸ்கார் கணக்கை மாற்றியது: இரண்டு டீலருக்கு ஒரு வண்டி வீதம். பிளிமத்துக்கு டீலர்கள் அதிகம். ஆகவே அதன் சூப்பர்பேர்ட் 1,900க்கும் மேல் இறங்கியது. ஒரே குடும்பத்து இரு சிறகுக் கார்களில் டேடோனா அரிது, சூப்பர்பேர்ட் அவ்வளவு அரிதில்லை என்பதற்கு விருப்பமோ விற்பனையோ காரணமில்லை.

1970இல் மாடல் ஆண்டு இரண்டு இடங்களில் தடம் புரண்டது. முதலாவது கமரோ. இரண்டாம் தலைமுறை வண்டிக்கான அச்சுகள் தயாராகவில்லை. செப்டம்பரில் புது வண்டி இல்லை. ஆகவே 1969 மாடலையே நவம்பர் வரை செய்தார்கள். 1969 கமரோவின் மொத்தம் 2,43,085 என்று பெருத்ததற்கு அந்தக் கூடுதல் மாதங்களும் ஒரு காரணம். புது வண்டி 1970 பிப்ரவரி 26 அன்றுதான் வந்தது. ஆவணத்தில் அது 1970; ரசிகர்களின் வாயில் '1970½'.

இரண்டாவது ஷெல்பி மஸ்டாங். 1969இல் செய்த வண்டிகள் விற்காமல் தேங்கின. கரோல் ஷெல்பிக்கு ஃபோர்டுடன் தொடர ஆர்வம் குறைந்துவிட்டது. புதிய வண்டி செய்யும் எண்ணம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? தேங்கிய 1969 வண்டிகளுக்கு முன்பக்கம் ஒரு காற்றுத் தடுப்பும் மூடிமேல் இரண்டு கறுப்புக் கோடுகளும் சேர்த்து, எஃப்.பி.ஐ. அதிகாரிகளின் மேற்பார்வையில் அடையாள எண்ணை மாற்றி, 1970 மாடலாக விற்றார்கள். 1970 ஷெல்பி என்று தனியாக ஒரு காரும் செய்யப்படவில்லை. ஏலங்களில் அந்த ஆண்டைப் பெருமையாக அறிவிப்பதைக் கேட்கும்போது இதை யாராவது கூடவே சொல்ல மாட்டார்களா என்று இருக்கும்.

பெயரே இல்லாத வண்டிகளையும் விட்டுவிடக் கூடாது. போலீசுக்கும் டாக்சிக்கும் மொத்தமாக ஆர்டர் எடுப்பதற்கு செவ்ரலேவில் கோப்போ என்ற மைய அலுவலக ஆணை முறை ஒன்று இருந்தது. 1969இல் அதன் வழியாக அலுமினிய 427 எஞ்சின் வைத்த கமரோக்கள் 69 இறங்கின. ஐம்பதை ஆர்டர் செய்தவர் இல்லினாய் டீலர் ஃப்ரெட் கிப். எஞ்சினுக்கு மட்டும் கூடுதலாக 4,160 டாலர். கமரோவின் அடிப்படை விலையே அதைவிடக் குறைவு. அவற்றிலும் வெளியே ஒரு தகடு இல்லை. அடையாள எண்ணும் எந்த வி8 கமரோவுக்கும் இருப்பதுபோலத்தான்.

இதனால்தான் இந்த வண்டிகளில் போலிகள் பெருகின. எண் சாட்சி சொல்லாத இடத்தில் தகடு வாங்கி ஒட்டுவது எளிது. டாட்ஜ், பிளிமத் கார்களைச் செய்த கிறைஸ்லரின் வண்டியில் அந்த ஏமாற்று வேலை கடினம். 1970 ஹெமி 'குடாவின், அதாவது ஹெமி எஞ்சின் வைத்த பாராகுடாவின், அடையாள எண்ணில் ஐந்தாவது எழுத்து 'ஆர்' என்று இருந்தே ஆகவேண்டும், அது 426 கன அங்குல ஹெமி எஞ்சினுக்கு உரியது. பான்டியாக்குக்குப் பழைய விற்பனை ரசீதுகள் கிடைக்கின்றன. ஃபோர்டுக்கு 1967 முதலான ஆலைப் பதிவுகள் இருக்கின்றன. செவ்ரலே ரசிகர்கள்தான் பாவம்: பலரும் இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கிடையிலும் பெட்ரோல் டாங்கின் மேலும் ஆலைத் தொழிலாளி விட்டுப்போன ஒரு தாளுக்காகத் துழாவுகிறார்கள். கனடாவில் விற்ற செவ்ரலே என்றால் அதிர்ஷ்டம். அங்கே பதிவுகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. 1972இல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறி, எண்கள் காகிதத்தில் இன்னும் சுருங்கின. ஜி.டி.ஓ. 1974இல் வென்ச்சுரா என்ற சிறிய காருக்கு ஆப்ஷனாக, 350 கன அங்குல எஞ்சினோடு வந்தது. 7,058 வண்டிகளோடு அந்தப் பெயரை நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று பாராகுடாவின் உற்பத்தியும் நின்றது, சந்தைக்கு வந்து சரியாகப் பத்து ஆண்டு.

ஆனால் பெட்ரோல் தட்டுப்பாட்டைக் கொண்டுவந்த எண்ணெய்த் தடை வருவதற்கு முன்பே இந்தக் கார்களை ஷோரூமில் மடக்கிப் போட்டவர்கள் காப்பீட்டு நிறுவனங்கள். இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அவை விதித்த கூடுதல் கட்டணத்தையும், அதிலிருந்து தப்ப நிறுவனங்கள் குதிரைத்திறனைக் குறைத்து எழுதிய கதையையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)